இடப்பக்க வெளித்தண்டு

மெந்தகாப்பில் கடல் இல்லை.
செமந்தான் ஆறு உண்டு, அதுவும் தேத்தண்ணி நிறத்தில்.
ஞாயிறு இரவு கொக் செங்கின் டயர் கடையை இழுத்துச் சாத்தி
தரையில் நீலத் தார்ப்பாய் விரிப்போம்.
தென்சீனக் கடல்.
சாக்பீஸ் கோடு குவாந்தான் கரை.
லாரிச் சக்கர நட்டுகள் அவனுடைய விமானங்கள்,
எண்பது சொச்சம்.
என்னுடையவை இரண்டே கப்பல்.
பெரியது ரப்பர் மரத்தில் நானே செதுக்கியது.
மற்றதற்குப் பொறுமையில்லை, துணி சோப்புக் கட்டி.

நாற்பத்தொன்று, டிசம்பர் பத்து.
பதினொன்றே முக்காலுக்கு
இடப்பக்கம் பின்னால் ஒரு டோர்பிடோ.
அது போட்ட ஓட்டையோடு பிழைத்திருக்கலாம்.
கொன்றது தண்டு.
வளைந்த சுழல்தண்டு
இருநூற்று நாற்பது அடிச் சுரங்கத்தில் சுற்றிச் சுற்றி
அடைப்புகளை ஒவ்வொன்றாய்ப் பிய்த்து
கடலுக்குக் கதவு திறந்துவிட்டது.
நிறுத்தினார்கள்.
பிறகு மறுபடி ஓட்டினார்கள்.

அந்த ‘மறுபடி’தான் எங்கள் விளையாட்டு.

நான் செம்பனை ஆலையில் பிட்டர், பதினெட்டு வருஷம்.
வளைந்த தண்டின் பாஷை தெரியும்.
முதலில் பல்லை நறநறக்கும்,
பிறகு காலடியில் இரும்புத் தட்டு
குளிர்க்காய்ச்சல்காரன் மாதிரி உதறும்.
உடனே சிவப்புப் பொத்தான். கேள்வி கிடையாது.
‘ஓட்டித்தான் பார்ப்போமே’ என்ற சப்பாணிமுத்து
இப்போது இடது கையால் சாப்பிடுகிறான்.

ஆகவே நான் ஓட்டவில்லை.
மிச்சத் தண்டுகளில் நொண்டிக்கொண்டு கப்பல் தெற்கே திரும்புகிறது.
கொக் செங் பகடை உருட்டுகிறான்,
கெட்ட வார்த்தை சொல்கிறான், மறுபடி உருட்டுகிறான்.
அவன் எப்போதும் விமானங்களையே எடுப்பான்.
அவன் வீட்டில் அந்தக் காலத்தில் யார் யார் போனார்கள் என்று
நான் கேட்டதில்லை.
விடியக்காலை மூன்றுக்கு
கம்ப்ரசருக்கு அடியில் இருக்கும் சிங்கப்பூரை
என் ரப்பர் கட்டை தொடுகிறது.

“அப்புறம்?” என்றான்.

அப்புறம் சிங்கப்பூர் விழவில்லை என்று வை.
சயாமுக்கு ரயில் போட ஆள் தேடவில்லை என்று வை.
எங்கள் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் அந்த லாரி வரவில்லை.
செக்ரோலில் நாற்பத்திரண்டாவது வரி, சடையன்,
அடுத்த மாதமும் அதே வரியில் இருக்கிறான்,
பால்வாளியோடு மேட்டுக்காட்டுக்குப் போகிறான்.
அவன் பெண்சாதி பொன்னாயி தாலியைக் கழற்றவில்லை.
கழற்றாதவளை
மூணாம் லயத்து ராக்கன் கேட்டிருக்க முடியாது.

ராக்கன் என் அப்பாவைப் பெற்றவன்.

கொக் செங் மின்விசிறியை நிறுத்தினான்.
“அப்படின்னா இங்க உக்காந்திருக்கிறது யாரு லா?”

கப்பல் ஜெயித்தது சடையனுக்காக என்றும் சொல்லமாட்டேன்.
அது துரையின் கப்பல்.
துரை போகாவிட்டால் கூலி ஏறாது,
விடியுமுன் பிரட்டுக்குத் தட்டுகிற தப்பும் ஓயாது.
ஆனால் ஆள் உண்டு. சாயங்காலம் வந்து
காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போகிற ஆள்.
ஆலையில் லாரியை ஏற்றி இறக்கி எடை போடுகிறார்களே,
அப்படிப் போட்டுப் பார்த்தேன்.
முள் நிற்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு கொக் செங் நட்டுகளை வாரி என் பக்கம் தள்ளினான்.
“இன்னிக்கு நீ விமானம்.”
பகடை எனக்கு நன்றாக விழுந்தது.
கப்பல் ஒன்றேகாலுக்கு மூழ்கியது, சரித்திரப்படி.
இரண்டு பேரும் பேசாமல் தார்ப்பாயை மடித்தோம்,
சோப்பை மட்டும் அவன் கை கழுவ எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நம்பர் பிழியந்திரம் பல்லை நறநறத்தது.
பொத்தானை அழுத்தினேன்.
மேனேஜர் ஓடி வந்தார்,
எத்தனை டன் எண்ணெய் போகும் தெரியுமா என்றார்,
ஒரு மணி நேரமாவது ஓட்டு என்றார்.
முடியாது என்றேன்.
இந்த ஆலையில் நான் சொன்ன முதல் ‘முடியாது’ அதுதான்.

லாக் புக்கில் நேரம்: 11.46.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்து,
தண்டு என்று எழுதினேன்.