நாலாம் கூடு

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
செல்போன் கடைக்கு மேலே மாடி.
ஒன்பது கூடுகள், இரண்டு ஃபேன்.
"குட்டி பன்னிரண்டாயிரம்.
தள்ளப்பூச்சை வேணும்னா சும்மா எடுத்துக்கிடுங்க"
என்றான் சுனில்தாஸ், நோட்டைப் புரட்டியபடி.
நாலாம் கூடு. அஞ்சு ஈற்று. பத்தொன்பது குட்டி.
தேதிகளுக்கு நேரே விலை.
கடைசி ஈற்றில் ஒன்றே ஒன்று, அதுவும் நிற்கவில்லை.
அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு.

அபிஷா குட்டிதான் கேட்டிருந்தாள்.
பத்தாம் வகுப்பில் நானூறு தாண்டினால் என்று
அவள் அப்பா சொன்ன வாக்கு.
நானூற்றுப் பதினேழு வாங்கினாள்.
அந்த மாதம் பார்த்து ரப்பர் ஷீட் விலை இறங்கிக் கிடந்தது,
மழையில் வெட்டும் இல்லை.

குலசேகரம் பஸ்ஸில் என் மடியில் அட்டைப்பெட்டி.
ஒரு சத்தமில்லை.
மூச்சு இருக்கிறதா என்று
இரண்டு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
இரண்டு தடவையும்
டிக்கெட் கேட்டவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது.

"குட்டி கேட்டா
குட்டிகளுக்க அம்மைய கொண்டாந்திருக்க."
அவள் கதவு சாத்திய வேகத்தில்
காலண்டர் கீழே விழுந்தது.

கூடத்தின் நடுவில் இறக்கி விட்டோம்.
மூன்றடி நடந்தது, திரும்பியது.
மூன்றடி, திரும்பியது.
அங்கே தடுக்க ஒன்றுமில்லை.
வில்பிரட் குனிந்து தரையைக்கூடத் தடவிப் பார்த்தார்.

ஒன்பதரை மணிக்கு ததேயுவின் மீன் வண்டி.
புதுச் சாளை ஒன்றை எடுத்து நீட்டினார்.
முகர்ந்தது. பின்னால் நகர்ந்தது.
உருண்டைத் தீனி தவிர வேறொன்றும் அறியாத வாய்.
"சாளை திங்காத பூச்சையா!
பென்ஷன் வாங்குன டீச்சர் மாதிரில்லா நோக்குது"
என்று ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.
அபிஷா யோசித்து வைத்திருந்த ஏழு பெயர்களும்
அன்றைக்கே வீணாயின.

தக்கலை மிருக ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்தார்கள்.
மழித்த வயிற்றில் அஞ்சு தையல்,
இரண்டு வரிசையாக நீண்டு தொங்கிய காம்புகள்.
மருந்து போடும்போது நான் அங்கே பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்தேன். ஏனென்று தெரியவில்லை.

தையல் ஆறிய வாரம்
வில்பிரட்டின் சாக்ஸ் ஒன்று காணாமல் போனது.
இரவில் அதைக் கவ்விக்கொண்டு
அறை அறையாக ஒரு குரல்,
பகலில் நாங்கள் கேட்டிராத குரல்.
பீரோவுக்கு அடியில் கொண்டு வைத்து
நக்கி நக்கி ஈரமாக்கியது.
பிடுங்கப் போனவரை நான்தான் தடுத்தேன்.
"ஒத்தச் சாக்ஸ் தானே, போட்டும்."

மூன்று மணிக்கு அவர் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
பால் வெட்டப் புறப்படும்போது
வாசல்வரை வர ஆரம்பித்தார் டீச்சர்.
(வந்தார் என்றுதான் நாங்கள் சொல்வோம்.)
கட்டன் சாயா குடித்து முடிக்கும்வரை
இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.
வெயில் மாதத்தில் ரப்பர் காய்கள்
ஓட்டின் மேல் டப்பென்று வெடித்து விழ
முதல் நாள் அடுப்புக்குள்ளேயே போய் ஒளிந்தார்.
பத்தாவது நாள் காது மட்டும் திரும்பியது.

சுனில்தாஸ் மாதம் ஒருமுறை கூப்பிடுவான்.
"சாப்பிடுதா அக்கா?"
வேறொன்றும் கேட்க மாட்டான்.
சாப்பிடுது என்பேன். வைத்துவிடுவான்.

ஐப்பசி மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி
மெழுகுவர்த்தி தேடி நான் அடுக்களையிலிருந்து வந்தேன்.
முன்னால் வெள்ளையாய் ஏதோ போனது.
மூன்றடி. நின்றது.
நானும் நின்றேன்.
பிறகு கூடம் முழுக்கக் கடந்து
அபிஷாவின் அறைக்குள் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல், மிக மெதுவாக:
"அம்மா, தீப்பெட்டி இங்க மேசையிலதான் இருக்கு.
நீயே வந்து எடு.
எனக்கு எழும்ப முடியாது.
வரும்போ குடிக்க கொஞ்சம் வெள்ளமும்."