ராகவின் டிக்கி

ஒன்பதாம் பக்கத்துக்குள் பிணம் விழுந்தாக வேண்டும்
என்பார் மெட்ராஸ் பதிப்பாளர்.
தொண்ணூற்றாறு பக்கம், சாணித்தாள்,
அட்டையில் துப்பாக்கி, பக்கத்தில்
கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்.
பகலில் பணகுடிப் பக்கம் வீடுவீடாகக் கரண்ட் ரீடிங்,
இரவில் மாதம் ஒரு கொலை,
இருபது வருடமாக என் பிழைப்பு.

இந்த முறை கொலைகாரனைச்
சொந்த ஊருக்கே கூட்டி வந்தேன்.
இடத்துக்கா பஞ்சம்?
காற்றாலைக் காடு, நடுவில் செம்மண் தடம்.
ஆடிக்காற்றில் ஒருவன் அலறினால்
அலறியவனுக்கே கேட்காது.

டிக்கியில் பிணத்தோடு
நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினான் ராகவ்.
முதல் திருப்பத்திலேயே ஞானதிரவியத்தின் டீக்கடை.
'என்ன அண்ணாச்சி, இந்நேரத்துல எங்க தூரமா?'
அடித்துவிட்டு வேறு தடத்தில் விட்டேன்.
அங்கே ஆட்டுக்கிடை. முகத்தில் டார்ச்.
'வண்டி எந்தூரு? யாரு வீட்டுக்குப் போறிய?'
மூன்றாவது தடத்தில் ஒருத்தி
வாழைக்குத் தண்ணி திருப்பிக்கொண்டிருந்தாள்
(மும்முனை கரண்டை ராத்திரிக்கு மாற்றியது
எங்கள் ஆபீஸ்தான், யாரை நோக?)
'பின்டயரு இப்பிடி அமுங்கியிருக்கு,
உள்ள என்ன பாரம்?'

நாற்பது பக்கம் ஆகியும்
ராகவால் பிணத்தை இறக்க முடியவில்லை.

ஜெராக்ஸ் கடை ஜெபக்கனிதான்
என் கோழிக்கிறுக்கலை டைப் அடிப்பவள்.
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.
'நம்மூர்ல ஒருத்தன் ஒண்ணுக்குப் போனாலே
நாலு பேரு கேப்பான், நீங்க கொல பண்ண வந்துட்டிய.'
பிறகு, மிஷினில் காகிதம் சொருகியபடி,
என்னைப் பார்க்காமல்:
'மாடக்கண்ண மட்டும் யாருமே கேக்கல, என்ன சார்.'

மூன்று வருடம் இருக்கும்.
ஐப்பசி மழை, கல்கிணறு, ஒற்றைச் செருப்பு.
தவறி விழுந்தான் என்று எழுதி மூடினார்கள்.
அன்றைக்கும் டீக்கடை திறந்துதான் இருந்தது.
வண்டி போனது, வந்தது,
பின்டயர் எல்லாருக்கும் தெரிந்தது.

எனக்கும்தான்.
பூட்டியே கிடக்கும் அந்தத் தோட்டத்து வீட்டில்
எப்போதும் சைபர்தான் எழுதுவேன்.
அந்த முறை பதினோரு யூனிட்.
வெள்ளை அட்டையில் என் கையாலேயே எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.
மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.
குடித்தேன்.

பதிப்பாளர் போனில் அவசரப்படுத்தினார்.
'யார் கொலைகாரன்னு கடைசி வரை
யாருக்கும் தெரியக் கூடாது, கவனம்.'
'எல்லாருக்கும் முதல்லயே தெரிஞ்சா சார்?'
'அப்புறம் கதை எங்க நகரும்?'
'நகராது சார்,' என்றேன். 'அப்படியே கிடக்கும்.'
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

ராகவைக் கொடைக்கானலுக்கு மாற்றினேன்.
அங்கே பனி, பள்ளம்,
ஏன் எதற்கு என்று கேட்காத லாட்ஜ்.
எட்டாம் பக்கத்தில் பிணம் இறங்கிவிட்டது,
ஒரு பக்கம் மிச்சம்.

ஜெபக்கனி டைப்பில் ஒரு புள்ளி பிசகாது.
அவள் தந்த கட்டைப் பேருந்தில் புரட்டினேன்.
எழுபத்தொன்றாம் பக்கம், மேலிருந்து மூன்றாம் வரி.
ராகவ் என்று இருக்க வேண்டிய இடத்தில்
வேறு பெயர் இருந்தது.
இன்ஷியலோடு.

வள்ளியூர் நிறுத்தம் தாண்டும்வரை பார்த்தபடி இருந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
சிவப்புப் பேனாவை எடுத்து
அடித்துத்
திருத்தினேன்.