வேறு வைத்தல்

ஐந்தே முக்காலுக்கு மீட்டரில் நூற்று அறுபத்தெட்டு.
நேற்றுப் புதுவயல் கல்யாணத்தில்
ஒரே ஒரு கந்தரப்பம்.
இந்த ரத்தம் கணக்குத் தப்பாது,
கொண்டுவிக்கப் போன வம்சம்.

தொப்புளுக்கு வலப்பக்கம் ஆறு யூனிட்.
நேற்று இடப்பக்கம்.
இருபது வருஷமாக இப்படித்தான்.

உனக்கு இன்று பதினோரு வாரம்.

நான் போடும் இன்சுலின் உன்னிடம் வராதாம்,
நஞ்சுக்கொடி வாசலிலேயே நிறுத்திவிடுமாம்.
சர்க்கரை மட்டும் தாராளமாக வரும்
என்றார் டாக்டர் ரெஹானா.
மருந்தைத் தான் வைத்துக்கொண்டு
இனிப்பை மட்டும் சீர் அனுப்பும் தாய்வீடு.
சிரித்தேன். காரில் ஏறியதும் சிரிப்பில்லை.

அப்படியானால் நீயேதான் செய்துகொள்ள வேண்டும்.

சோலையப்பன் தூங்கியபின் போனில்
படம் படமாகப் பார்த்தேன்:
குடல் என்று சொல்வதற்கு முந்திய ஒரு குழாய்.
முதுகுப் பக்கம் ஒரு மொட்டு, வயிற்றுப் பக்கம் ஒன்று.
சின்னது சுற்றிக்கொண்டு போய்ப்
பெரியதோடு ஒட்டிக்கொள்கிறது.
பிறகு கிளை, கிளைக்குள் கிளை,
பள்ளத்தூர் ஊருணிக்கு வரத்துக்கால் போல.
மழைக்கு முன்பே வெட்டி வைத்த கால்.

கால் ஓரத்துச் செல்களில்
ஒன்றில் மட்டும் ஒரு மரபணு விழிக்கிறது,
கொஞ்ச நேரம்தான்.
விழித்ததும் முதல் காரியமாகப்
பக்கத்துச் செல்லிடம் சொல்கிறது: நீ இரு.
எல்லோரும் கிளம்பிவிட்டால்
வாய்க்காலாக யார் நிற்பது?

எங்களை வேறு வைத்த அன்று
அளந்து கொடுத்தார்கள்
அரிசி, துவரம்பருப்பு, ஒரு புது அடுப்பு.
அதே வளவு, அதே கிணறு,
இரண்டாம் கட்டில் பதினாலு அடி தள்ளி.
உலை கொதித்தது,
கோயில் நோட்டில் நாங்கள் ஒரு புள்ளி.

அதுவும் அப்படித்தான்.
பிடித்திருந்த பிடியை விட்டுச்
சுவரிலிருந்து நழுவி
கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறது.
அதேபோல் வந்தவை சேர்ந்துகொள்ள
ஒரு திட்டு. ரத்தக்குழாய்கள் தேடி வருகின்றன.
ஒன்று முதல் இன்சுலினை வடிக்கிறது.
இந்த வாரம். ஒருவேளை இப்போது.

செக்காலை ரோடு ஸ்கேன் சென்டரில்
ஜெல்லைத் துடைத்தபடி கேட்டேன்.
"கணையமா? அதெல்லாம் இதுல தெரியாதும்மா"
என்று நாலரை சென்டிமீட்டர் தட்டினாள் அந்தப் பெண்.

என் வீட்டில் நடந்ததும் உனக்குத் தெரியவேண்டும்.
காவலுக்கு நின்றவர்களே
அடுப்புகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள்.
யார் ஏவினார்களோ.
ஆறாம் வகுப்பில் தண்ணீர்ப் பானைக்கும் கழிப்பறைக்குமாக
நடந்துகொண்டே இருந்தேன்.

அதை உன் பேரில் எழுதிவைத்திருப்பேனோ?
நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றார் டாக்டர்.
வட்டியாக இருந்தால் சொற்பம்.

போகப்போக என் சர்க்கரை ஏறினால்
உன் புது அடுப்பு ராப்பகலாக எரியும்.
இட்லி ஆறட்டும்.

ஏழே முக்காலுக்கு மறுபடி விரல்நுனி:
நூற்றுப் பதினெட்டு.
இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளக் கோசமல்லி.
இப்போது அனுப்புகிறேன்,
வாங்கிக்கொள்.