ரிட்டன் லோடு

செங்கோட்டையில் ராத்திரி ஒன்பதே காலுக்கு
மூன்று புரோட்டா, நாட்டுக்கோழி சால்னா.
அவசரத்தில் பிய்த்துப் போட்டேன்.
சில்லறைக்கு நின்ற நேரம்
கடைசித் துண்டை மட்டும் சும்மா மென்றுகொண்டிருந்தேன்.
மைதா இனித்தது.
கடைக்காரன் போடாத சீனி,
எச்சில் போட்டது.

புளியரை வளைவில் வண்டி நின்றுவிட்டது.
மேலே எங்கேயோ ஒரு டாரஸ் குறுக்கே கிடக்கிறதாம்.
என் முதுகில் பதினாறு அடி உயரத்துக்கு வைக்கோல்,
புனலூர் மாடுகளுக்கு.

புரோட்டா நிற்கவில்லை.
தென்காசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
ஒரு தாளில் வரைந்து கொடுத்த படத்தை
ஆர்சி புக்கோடு வைத்திருக்கிறேன்.
இரைப்பையின் அடிவாசலில் ஒரு சுருக்கு.
பிசைந்து, புளித்து, கஞ்சியானதைத்தான் விடும்,
அதுவும் கரண்டி கரண்டியாக.
கட்டியோடு வந்தால்
போ, அரைபட்டு வா.
ஆரியங்காவு செக்போஸ்ட்டில்
இப்படி ஒரு கண்டிப்பான ஆளை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு ஆகிவிட்டது. கிளீனர் இசக்கிராஜ் தூங்குகிறான்.
அவன் வயிறு ஏதோ கேட்கிறது,
என்னுடையது பதில் சொல்கிறது.
இந்நேரம் பித்தம் இறங்கியிருக்கும்,
சோப்புத்தண்ணீர் பட்டதுபோல்
சால்னா எண்ணெய் உடைந்திருக்கும்.
இருபது அடிக் குடல். இந்த மலைப்பாதையைவிட வளைவு அதிகம்,
ஹாரன் இல்லை.
விடியும்போது கோழி கோழியாக இருக்காது.
ஸ்டியரிங்கைத் திருப்புகிற தோளில் எங்கேயோ இருக்கும்.

புனலூரில் இறக்கியாச்சு.
ஒரு மாடு கட்டைப் பிரிக்குமுன்பே இழுத்துத் தின்றது.
பிறகு படுத்து, விழுங்கியதை மேலே வரவழைத்து
மறுபடி மென்றது.
அதற்கு யாரும் நேரம் சொல்லவில்லை.

ஜோஸ்குட்டி வந்தான். ரிட்டன் லோடு இருக்கிறது.
கறுப்பு மூட்டை, நாற்பது.
வாடகை இரண்டு மடங்கு, பில் கிடையாது,
புளியரை தாண்டி எந்தக் குளத்தங்கரையானாலும் சரி.
சரக்கு என்ன என்றேன்.
‘சோதிக்கண்டா’ என்றான்.
கேட்க வேண்டாம் என்று அர்த்தம்.
ஒரு மூட்டையின் ஓரம் கசிந்தது.
மூக்குக்கு முன்னால் வயிறு கண்டுபிடித்தது;
சுருக்கு இறுகியது.

காலி வண்டியோடு திரும்பினேன். டீசல் கையைக் கடித்தது.
கோட்டைவாசல் இறக்கத்தில் எனக்கு முன்னால்
தார்ப்பாய் இழுத்துக் கட்டிய ஒரு வண்டி
சொட்டிக்கொண்டே போனது.

நேற்றைய புரோட்டா முட்டிக்கொண்டு வந்தது.
குளத்தங்கரையில் ஒதுங்கலாம் என்று பிரேக் போட்டவன்
தண்ணீரைப் பார்த்தேன்.
பல்லைக் கடித்து ஓட்டினேன்
செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை.
பத்து ரூபாய் கொடுத்து இறக்கினேன்.
அதற்கும்
பில் தரவில்லை.