பால், 41

சிக்பேட்டை ஞாயிறு சந்தையில் எண்ணூறு ரூபாய்,
வெறும் சட்டம், துருவோடு.
சுரண்டச் சுரண்ட
பச்சைக்கு அடியில் மெரூன்
மெரூனுக்கு அடியில் கறுப்பு
கறுப்பின் மேல் வெள்ளையில்
யாரோ கைநடுங்க எழுதியது:
பால், 41.
உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

ஃப்ரீவீலைக் கழற்றி எறிந்தாயிற்று.
சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும்,
அவ்வளவுதான்.
பிரேக் எங்கே என்றாள் பிலோமினா.
காலைக் காட்டினேன்.

விடிகாலை. அல்சூர் இறக்கம்.
பழைய ஞாபகத்தில் சும்மா உருளலாமென்று
கால் ஓயப் பார்த்தது.
விடவில்லை.
இன்னும் ஆறு வீடு பாக்கி என்பதுபோல்
முழங்காலைப் பிடித்து
இழுத்துக்கொண்டு போனது
நாற்பத்தொன்று.

ஏரிக்கரை வேலி நிறுத்தியது.

திங்களன்று
முன்பிரேக் ஒன்று வாங்கினேன்.
பிலோமினா விலைகூடக் கேட்கவில்லை.