பதினான்கு

ஸ்கோர் தாளின் அடியில் நாலாவது கையெழுத்து என்னுடையது.
இருபத்து நாலு விநாடி என் பொறுப்பு.
மிச்ச நேரமெல்லாம் ரிஸ்மியினது.

பகலில் பழைய சோனகத் தெருவில்
ஆணி, பிணைச்சல், அரை இஞ்சிக் கம்பி என்று
பில் எழுதுகிறவன்.
மாலையில் சுகததாச உள்ளரங்கில்
இரண்டு பொத்தான்களுக்கு முன்னால் உட்காருகிறேன்.
பச்சையை அமுக்கினால் இருபத்து நாலு.
மஞ்சளை அமுக்கினால் பதினான்கு.
இதற்காகத்தான் ஆறு நாடுகள்
கொடியும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்திறங்கியிருக்கின்றன.

எறிந்த பந்து வளையத்தில் பட்டு
எறிந்தவர் பக்கமே திரும்பப் பிடித்தால் பதினான்கு.
படாவிட்டால் ஓடுகிற நேரம் ஓடும்.
சட்டம் இவ்வளவுதான்.
கண் சில நேரம் வீட்டுக்காரருக்காகப் பார்க்கும்;
அதனால் காதுக்கு மாறினேன்.
பந்து மயிரிழை உரசினாலும்
இரும்பு ஒரு சொல் சொல்லும்.
ஆயிரம் பேரின் கூச்சலுக்குள்ளும்
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
அதைப் பொறுக்கி எடுத்துவிடுவேன்.

அரையிறுதி. மாலைதீவு.
மூன்றாம் கால்பகுதியில் மழை பிடித்தது.
கொழும்பு மழைக்கு முன்னுரை கிடையாது,
கூரையில் யாரோ ஒரு லொறிச் சரளையைக் கவிழ்த்தார்கள்.
போதாததற்கு மேல்வரிசையில் பப்பரே,
ட்ரம்பெட் வாசிப்பவனின் கன்னம் இங்கிருந்தே தெரிந்தது.
பக்கத்தில் திலினி ஏதோ கேட்டாள்.
அவள் உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

எழுபதுக்கு அறுபத்தொன்பது. நாங்கள் முன்னால்.
ஆட்டத்தில் முப்பத்தொரு விநாடி,
என் பெட்டியில் மூன்று.
அவர்களின் ஒன்பதாம் இலக்கம், மெலிந்த பெடியன்,
மூலையிலிருந்து எறிந்தான்.
பந்து வளையத்தின் உதட்டருகே போனது,
வலை லேசாக ஆடியது,
பந்தால் ஆடியதா, ராட்சத மின்விசிறியால் ஆடியதா,
கீழே அவர்களின் நெட்டையன் கைக்கே வந்து விழுந்தது.

காதைத் தேடினேன்.
காது முழுக்க மழை.

விரல் மஞ்சளில் இருந்தது.
நான் வைத்தேனா, அதுவாகப் போனதா,
இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

எங்கள் ஏழாம் இலக்கம் பெனில்டஸ்
மேசையைப் பார்த்துக் கத்தினான்:
"அண்ணே, படல்ல! படவே இல்ல!"
மாலை முழுக்கச் சிங்களமும் ஆங்கிலமுமாக ஓடியவன் வாயில்
அதுதான் முதல் தமிழ்.
அதற்குள் ஒன்பதாம் இலக்கம் உள்ளே புகுந்து
பலகையில் தட்டிப் போட்டுவிட்டான்.

காத்மண்டுவிலிருந்து வந்த நடுவர் விசில் ஊதி
மேசைக்கு வந்து குனிந்தார்.
திருப்பிப் பார்க்கக் கமரா இல்லை.
அவர் முகத்திலிருந்து ஒரு வியர்வைத் துளி
என் பெட்டியின் மேல் விழுந்தது.
பட்டதா என்று விரலால் கேட்டார்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்பது
அவருக்கு விளங்கியது, எனக்கு அல்ல.

எழுபத்தொன்றுக்கு எழுபது.
பெனில்டஸின் கடைசிப் பந்து வளையத்தில் மோதி வெளியே தெறித்தது.
அப்போது மழை விட்டிருந்தது.
அந்தச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது,
மசூதிக்குப் பக்கத்துப் பட்டறையில் சம்மட்டி விழுவதுபோல்.

கையெழுத்து வைத்தேன். எண்ணூறு ரூபாயும்
ஒரு சோற்றுப் பார்சலும் தந்தார்கள்.
ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு
இருபத்து நாலிலிருந்து இறங்கியது.
மூன்று வரும்போதே ஓட்டோக்காரன் புறப்பட்டுவிட்டான்.
ஆட்டத்தை அவனும் வானொலியில் கேட்டானாம்.
"மேசையில் இருந்தவன் காசு வாங்கிட்டான் ஐயா" என்றான்.
நூற்றைம்பது கேட்டான். இருநூறு கொடுத்தேன்.

காலையில் கடை திறந்ததும்
கூரைக்கொக்கியில் தொங்கிய இரும்பு வளையங்களில்
ஒன்றைக் கழற்றி நகத்தால் சுண்டினேன்.
சத்தம் வந்தது.
இன்னும் மெதுவாகச் சுண்டினேன். வந்தது.
தொட்டும் தொடாமலும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தரம்.

"என்ன, வாங்கப் போறீரா?" என்றார் முதலாளி.
தெருவில் கைவண்டிகள் வரத் தொடங்கியிருந்தன.