ஒன்பதாம் எண் கதவு

தோட்டப்பாளையத்தில் எங்கள் லாட்ஜுக்குப் பதினான்கு கதவு.
பதினான்கும் தேக்கு என்பார் கோதண்டபாணி.
நான் இழைத்துப் பார்த்தவன், மூன்றுதான் தேக்கு.
மிச்சம் வேம்பும், பெயர் தெரியாத மலேசியாவும்.
சாயம் ஏறிவிட்டால் யாரும் கேட்பதில்லை.

டப்பாவைக் குலுக்கக் கூடாது, கலக்க வேண்டும்.
குலுக்கினால் குமிழி வரும்,
கதவில் அம்மைத் தழும்பாய் நிற்கும்.
அடியில் தங்கியதைக் குச்சியால் மெல்லக் கிளறினால்
வேர்க்கடலைத் தோல் நிறத்தில் எழுந்து வருகிறது.
ரேகை ஓடுகிற பக்கமே கையும் ஓட வேண்டும்.
பத்து நிமிடம் குடிக்க விடலாம்,
கத்திரியில் ஆறு.
குடித்தது போக மிச்சத்தைத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும்.
சோம்பிவிட்டால்
மார்கழி வரைக்கும் பிசுபிசுக்கும்.

அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது என்பது
எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.
போன சித்திரையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
ராத்திரி பதினொன்றுக்குப் புகைந்தது.
தீக்குச்சி இல்லை, பீடி இல்லை.
எண்ணெய்க்கு வந்த சொந்தக் கோபம்.
அன்றிலிருந்து ஒவ்வொன்றாய் விரித்துக்
கொடியில் காயப்போடுகிறேன்.
மாடியில் சோறு வடித்துக்கொண்டிருந்த தன்பாத் அம்மா
கரண்டியை நீட்டிக் கேட்டாள்: கூன்?
ரத்தமில்லை, ரங், ரங் என்றேன்.
தன் துணிகளை
இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மொட்டைமாடி பெஞ்சுக்கு வேறு டப்பா.
இந்த ஊரில் சுற்றிலும் மொட்டைப் பாறை,
பகலில் வாங்கிய வெயிலை
ராத்திரி வட்டியோடு கொடுக்கிறது.
பெஞ்சின் மேற்கு முனை இரண்டே வருடத்தில் சாம்பல்.
ஐப்பசிக்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன்.
முத்தாய் உருண்டால் விட்டுவிடுவேன்.
உறிஞ்சினால் தேய்ப்புத்தாளைத் தேடுவேன்.
போன் பேச வருகிறவர்களை எழுப்ப வேண்டியிருக்கும்.
பாதிப் பேர் அழுதுகொண்டிருப்பார்கள்,
அந்தப் பக்கம் இன்னும் காயவில்லை என்று
கையால்தான் சொல்வேன்.

உள் கதவுகளுக்கு வெயில் இல்லை.
அவற்றைத் தின்பது கை.

ஒன்பதில் துர்காபூர் நிபாரண் பாபு, பதினோரு மாதம்.
கட்டிலிலிருந்து வெளியே வரும்போது
கதவில் இடது கையை ஊன்றி ஒரு மூச்சு,
பிறகு நடை.
தைப்பொங்கலுக்குத் தோள் உயரத்தில் ஊன்றினார்.
ஆடியில் தாழ்ப்பாளுக்குக் கீழே.
நிறம் போன இடம் ஒரு வட்டமில்லை,
மேலிருந்து கீழே இறங்கிய ஒரு வழி.
முதலில் நான் அதைத் தண்ணீர் ஒழுகியது என்று நினைத்தேன்.

இரண்டு பேர் வந்த ரூம்.
சாவியைக் கொடுத்தது ஒருத்தர்.
காட்பாடிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்,
பேரம் பேசவில்லை.

மறுநாள் பூசினேன்.
சுற்றிலும் குடித்தது, அந்த வழி மட்டும் குடிக்கவில்லை.
கையெண்ணெய் ஏறிய மரம்.
இரண்டாம் பூச்சு, அப்போதும் வெளிறித்தான் இருந்தது.
இன்னாய்யா இது, தேய்யி என்றார் கோதண்டபாணி,
சாயந்திரம் கௌஹாத்தி பார்ட்டி வருது.

எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது, பிறகு நூற்றெண்பது.
வாயில் துணி கட்டியிருந்தேன்,
ஆனாலும் நாக்கில் கசந்தது.
ஒன்பதாம் எண் வேம்பு.
தூளை முறத்தில் வாரி
எங்கே கொட்டுவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
கடைசியில் குப்பை வண்டிதான்.

இந்த முறை ஒரே சீராய்ப் பிடித்தது.
நான்கு மொழியில் அட்டை மாட்டினேன்: ஈரம், தொடாதீர்கள்.
ஆறரைக்கு வந்தார் அந்த மனிதர்,
மூன்று ராத்திரி ரயில், கையில் எக்ஸ்ரே உறை.
அட்டையைப் பார்க்கவில்லை.
வாசலில் நின்று, கதவில் கையை ஊன்றி,
ஒரு மூச்சு.

கீலா ஹை என்றேன்.
உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என்னை.
துணி கொடுத்தேன்.
விரல் விரலாய்த் துடைத்துவிட்டு
இதை எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.
மாடிக்குக் கூட்டிப்போய்க்
கொடியைக் காட்டினேன்.